எண்ணாயிரத்து இலக்கணமும் எங்கள் வாசல் கோலமும்

(பி.எஸ்ஸி. கணிதம், 1976–79)



"நம்ம செட்ல கம்ப்யூட்டர் ஆராய்ச்சின்னு போனவன் நீ ஒருத்தன்தான். அது என்ன வேலை, அதுக்கு எப்படிப் போறதுன்னு இப்ப படிக்கிற பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடுப்பா. மலர்ல போட்டுடலாம்" என்று நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கதையை என்னிடமிருந்து தொடங்க முடியாது, எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று.

என் ஊர் பிரம்மதேசம். நம் பக்கத்தில் இந்தப் பெயரில் இரண்டு ஊர் உண்டு. ஒன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருப்பது. அது நம்முடையது அல்ல. பிரம்மபுரீஸ்வரர், பாதாளீஸ்வரர் என்று இரண்டு சோழர் காலத்துக் கோயில்கள் இருக்கிற, எண்ணாயிரத்துக்குப் பக்கத்து பிரம்மதேசம்தான் நம்முடையது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் எனக்கு நேர்ந்த வேடிக்கையைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கத்து ஊரான எண்ணாயிரத்துக்கு அந்தக் காலத்தில் ராஜராஜ சதுர்வேதிமங்கலம் என்று பெயர். அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் நடந்த ஒரு கல்லூரியின் கணக்கு அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். மாணவர்களில் 270 பேர் இளையவர்கள், 70 பேர் முதியவர்கள். நம் பாஷையில் சொன்னால் யு.ஜி., பி.ஜி. மாதிரி. இளையவர்களில் 40 பேர் ரூபாவதாரம் என்ற இலக்கண நூல் படித்தார்கள். முதியவர்களில் 25 பேர் வியாகரணம், 35 பேர் மீமாம்சை, 10 பேர் வேதாந்தம். ஒவ்வொரு மாணவனுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நெல், ஆசிரியருக்கு இவ்வளவு நெல் என்று அளவு போட்டு, அதற்கு நிலமும் ஒதுக்கியிருந்தார்கள்.

படிக்கிறவன் வயிறு காயக் கூடாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். கூடவே இன்னொன்றும் தோன்றும். அது வேதக் கல்லூரி. என் முப்பாட்டனுக்கு அதில் இடம் கிடைத்திருக்காது. பக்கத்து ஊரில் பல்கலைக்கழகம் மாதிரி ஒன்று நடந்தும், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி வருவதற்கு 1979 வரை ஆயிற்று. அந்தக் கதவைத் திறந்துவிட்டது நம் கல்லூரி. இதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

கல்வெட்டில் வருகிற இலக்கணத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. ரூபாவதாரம் என்பது பாணினி எழுதிய வடமொழி இலக்கணத்தை மாணவர்களுக்கு எளிதாக்கிச் சொல்லும் நூல். பாணினி சுமார் 4,000 சூத்திரங்களில் ஒரு மொழி முழுவதையும் கட்டிவிட்டார். விதிகள் கொஞ்சம், அவற்றிலிருந்து பிறக்கும் சொற்களோ எண்ணிலடங்காதவை. 1956-ல் அமெரிக்காவில் நோம் சாம்ஸ்கி இலக்கணங்களைக் கணித முறையில் வகை பிரித்தார். 1959-ல் ஜான் பேக்கஸ், ஆல்கால் என்ற கணினி மொழிக்கு விதிகள் எழுதும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அந்த முறை பாணினியின் முறையை ஒத்திருக்கிறது, ஆகவே அதற்குப் பாணினியின் பெயரையும் சேர்த்து வைக்கலாம் என்று 1967-ல் இங்கர்மன் என்பவர் ஓர் ஆராய்ச்சி இதழில் எழுதினார். எண்ணாயிரத்துப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து உருப்போட்ட விஷயம், வேறு உருவத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்குள் வந்துவிட்டது.

நம் நாட்டில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களில் ஒருவர்கூடக் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவர் அல்ல. அந்தப் படிப்பே அப்போது கிடையாது. சென்னையில் 1926-ல் பிறந்த ஆர். நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தார். அமெரிக்கா போய்க் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1954-ல் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நாமே ஒரு கணினி செய்துவிடுவோம் என்று இறங்கினார்கள். வால்வுகளை வைத்து அவர்கள் கட்டிய முழு இயந்திரம் 1960-ல் இயங்கத் தொடங்கியது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். நரசிம்மன் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த 1960-களின் தொடக்கத்தில், படங்களுக்கும் வாக்கியம் போல இலக்கணம் உண்டு, அதை வைத்துக் கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுத்தரலாம் என்று எழுதினார்.

ஈரோட்டில் 1933-ல் பிறந்த வி. ராஜாராமன் முதலில் படித்தது இயற்பியல். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்தது. 1965-ல் அங்கே கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் எம்.டெக். படிப்பு தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் எழுதிய பாடப்புத்தகங்களில் படிக்காத கம்ப்யூட்டர் மாணவன் நம் தலைமுறையில் குறைவு.

ராஜ் ரெட்டி 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1958-ல் கிண்டியில் சிவில் இன்ஜினியரிங் முடித்தார். ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து அமெரிக்கா போய், பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் இறங்கி, 1966-ல் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படுகிற டூரிங் விருது 1994-ல் அவருக்குக் கிடைத்தது. இன்று நம் கைபேசியில் பேசினால் எழுத்தாக வருகிறதே, அந்தப் பாதையின் தொடக்கத்தில் நின்றவர்களில் அவர் ஒருவர்.

இவர்களெல்லாம் பம்பாய், கான்பூர், அமெரிக்கா என்று போனவர்கள். நம்மைப் போலக் கலைக்கல்லூரியில் படித்தவனுக்கு இது எட்டுமா என்ற சந்தேகம் வருவது இயற்கை. எனக்கும் வந்தது. அதைத் தீர்த்தது தாம்பரம்.

1978 என்று நினைவு. எங்கள் கணிதப் பேராசிரியர் திங்கட்கிழமை சென்னையிலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கி, நேராக வகுப்புக்கு வந்தார். கரும்பலகையில் ஒரு சிக்குக் கோலம் போட்டார். பசங்க எல்லாம் சிரித்துவிட்டோம். "சிரிக்காதீங்கடா. இதுக்கு இலக்கணம் எழுதிட்டாங்க. எழுதினவங்க தாம்பரத்துல இருக்காங்க" என்றார்.

அவர் சொன்னது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய இரண்டு பேரைப் பற்றி. கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர், அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். இவர்களும், ராணி அம்மையாரிடம் ஆராய்ச்சி செய்த கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1972 முதல் உருவ மொழிகளைப் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களில் எழுதி வந்தார்கள். சாம்ஸ்கியின் இலக்கணம் ஒரு வரியில் போகிற எழுத்துகளுக்கு. இவர்கள் அதை நீளம், அகலம் இரண்டும் உள்ள கட்டங்களுக்கு விரித்தார்கள். அந்த முறையில் ஒன்றைச் 'சிரோமணி அணி இலக்கணம்' என்றே வெளிநாட்டார் குறிப்பிடுகிறார்கள். 1974-ல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்ற சொல் இருந்தது. கொஞ்சம் விதிகள் போதும், அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம், அதன் அடுத்த அளவு, அதற்கும் அடுத்தது என்று முடிவே இல்லாமல் ஒரு குடும்பம் முழுதும் பிறக்கும். பின்னாளில் அவர்கள், கோலம் போடும் கையின் அசைவுகளையே எழுத்துகளாக வைத்தும் எழுதினார்கள். நேராகப் போவது ஒரு எழுத்து, திரும்புவது ஒரு எழுத்து, புள்ளியைச் சுற்றுவது ஒரு எழுத்து.

கிஃப்ட் சிரோமணி இன்னொன்றும் செய்தார். அச்சில் உள்ள தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றி 1978-லேயே தம் குழுவினரோடு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். 1988-ல் அவர் காலமானார். இன்று செல்போனில் படம் பிடித்தால் தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. அதற்கு இத்தனை வருஷத்துக்கு முன்பே தாம்பரத்தில் ஒருவர் அடி எடுத்து வைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் மார்கழியில் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் மற்றவர்கள் கோலப்பொடியைக் கையில் எடுப்பார்கள். நான் நோட்டில் அஞ்சுக்கு அஞ்சு புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிக்கும் நடுவே இழையை வெட்டி வெட்டிக் கொண்டுபோனேன். ஒரே இழையில் முடிக்க வேண்டும் என்று எண்ணம். முடியவில்லை.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அஞ்சுக்கு அஞ்சு வச்சா கைய எடுத்து எடுத்துத்தான் போடணும். அஞ்சு இழை வரும். அஞ்சுக்கு நாலு வையி, ஒரே இழையில வந்து சேந்துடும்."

"ஆறுக்கு நாலு?"

"ரெண்டு இழை."

"ஆறுக்கு அஞ்சு?"

"ஒண்ணு. இதெல்லாம் ஒரு கேள்வியாடா?"

நீங்களும் ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அம்மா சொன்னது சரி. 6, 4 என்றால் மீப்பெரு பொது வகுத்தி 2, இழையும் 2. 5, 4 என்றால் வகுத்தி 1, இழையும் 1. 5, 5 என்றால் 5. வகுத்தி எத்தனையோ இழையும் அத்தனை. இது என் கண்டுபிடிப்பு அல்ல, கணிதத்தில் அறியப்பட்ட உண்மை. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டு மக்கள் மணலில் போடும் சோனா கோலத்துக்கும் இதே விதிதான். மொசாம்பிக்கைச் சேர்ந்த பவுலஸ் கெர்டஸ் என்ற கணித அறிஞர் அதையும் நம் கோலத்தையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார். ஆனால் எனக்கு அன்று அது எதுவும் தெரியாது. வகுத்தி என்ற வார்த்தையையே கேள்விப்படாத அம்மாவுக்கு விடை தெரிந்திருக்கிறது, கணிதம் படிக்கிற எனக்குத் தெரியவில்லை. ஏன் அப்படி வருகிறது என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த மூன்று நாளில்தான். பிறகு வாங்கிய பட்டமெல்லாம் அதற்குக் கொடுத்த சான்றிதழ்.

1981-ல் சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்தேன். அதே வருஷம் வங்கித் தேர்வில் தேறி வேலை உத்தரவு வந்தது. கூடவே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். பின்கோடு எழுதாமல் வெறும் பிரம்மதேசம் என்று முகவரி கொடுத்தது என் தவறு. நேர்முகத் தேர்வுக் கடிதம் மரக்காணம் பக்கத்து பிரம்மதேசத்துக்குப் போய், ஊர் சுற்றிவிட்டு, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. எப்படியோ போய் எழுந்து நின்றேன், இடமும் கிடைத்தது.

உதவித்தொகை வங்கிச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலை நிரந்தரமும் இல்லை. அப்பா இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர். "பேங்கு வேலைய விட்டுட்டு இன்னும் படிக்கப் போறேன்ங்கிற. அது என்ன வேலைடா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "கோலத்துக்குக் கணக்குப் போடற வேலையாம்" என்று அம்மாதான் சொன்னார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அதற்கு மேல் தடுக்கவில்லை.

முதல் ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. எங்கோ ஒரு கோப்பு எங்கோ ஒரு மேசையில் இருந்தது. எனக்கு மெஸ் பணம் கட்டியது நம் செட் நண்பர் ஒருவர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். ஆனால் ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லை. அந்த வருஷம் என் தங்கை பத்தாவது தேறியிருந்தாள். கணக்கில் என்னைவிட நல்ல மார்க். பிளஸ் டூ சேர வெளியூர் போக வேண்டும். பஸ், பீஸ், துணிமணி எல்லாவற்றுக்கும் அண்ணன் பணம் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பள்ளி திறந்து சேர்க்கையும் முடிந்துவிட்டது. எட்டாவது மாதம் மொத்தமாகப் பணம் வந்தபோது அவள் வீட்டு வேலையில் பழகிவிட்டாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே" என்றாள். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. என் டாக்டர் பட்டத்தில் ஒரு பங்கு அவளுடையது. அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இனி, பசங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளன் தினமும் என்ன செய்கிறான்? பெரும்பாலும் படிக்கிறான், யோசிக்கிறான், தப்பாக யோசித்ததை அடிக்கிறான். என் காலத்தில் துளை அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்கு மறுநாள் வரை காத்திருப்போம். ஓர் இடத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஒரு நாள் போச்சு. இப்போது விடை நொடியில் வருகிறது. ஆனால் சரியான கேள்வி கிடைப்பதற்கு அன்றும் மாதக்கணக்கில் ஆனது, இன்றும் ஆகிறது. பத்து யோசனையில் ஒன்பது குப்பைக்குப் போகும். மிஞ்சிய ஒன்றை நிரூபித்துக் கட்டுரையாக எழுதி அனுப்பினால், முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் படித்துவிட்டுக் குறை சொல்வார்கள். கோபப்படாமல் திருத்த வேண்டும். இதைத்தான் நான் ஆறு வருஷம் ஆராய்ச்சி மாணவனாகவும், பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளத்துக்கும் செய்தேன்.

வழி என்ன? கணிதமோ, இயற்பியலோ, கணினியோ, எதில் பட்டம் வாங்கினாலும் கணிதத்தைக் கைவிடாதீர்கள். முதுகலை முடித்து நெட் அல்லது கேட் தேர்வு எழுதுங்கள். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். என் காலத்தை நினைத்தால் நல்ல தொகை. மென்பொருள் கம்பெனி அதைவிட அதிகம் தரலாம். பணம்தான் முதலில் வேண்டும் என்ற குடும்ப நிலைமை இருந்தால் அந்த வேலைக்குப் போவதில் தப்பே இல்லை. அந்த நிலைமையில் இருந்தவன் சொல்கிறேன்.

கேள்விக்காக வெளியூர் போக வேண்டியதில்லை. பெரிய கம்ப்யூட்டர்கள் பெரிய ஊர்களில்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் தாம்பரத்துக் கணித வகுப்பில் இருந்தவர்கள் தமிழ்நாட்டு வாசலைப் பார்த்துக் கேட்ட கேள்வி உலகம் முழுதும் போயிற்று. நம் பக்கத்துப் பேச்சைக் கைபேசி இன்னும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அம்மா பேசியது போல் பேசினால் தடுமாறுகிறது. எண்ணாயிரத்துக் கல்வெட்டு எழுத்தைப் படம் பிடித்தால் சாதாரணக் கைபேசி திணறும். இதெல்லாம் ஆராய்ச்சிதான். யாராவது ஒரு பையனோ பெண்ணோ விக்கிரவாண்டியிலோ மயிலத்திலோ உட்கார்ந்து தொடங்கலாம்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எண்ணாயிரத்துக் கல்வெட்டில் எனக்குப் பிடித்தது வேதமும் அல்ல, வேதாந்தமும் அல்ல. நெல் அளந்த கணக்குதான். இத்தனை பேருக்கு இத்தனை நெல் என்று முன்கூட்டியே நிலத்தை எழுதி வைத்தார்களே, அது. ஆனால் அன்றைக்கு உள்ளே விட்டது ஒரு சாராரை மட்டும். நாம் எல்லாரையும் உள்ளே விட்டு, நெல்லையும் அளப்போம். நம் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்குப் போகும் மாணவனுக்கோ மாணவிக்கோ, முதல் உதவித்தொகை கைக்கு வரும் வரை மாதாமாதம் கைமாற்றாகக் கொடுப்போம். வட்டி வேண்டாம். பணம் வந்ததும் திருப்பித் தரட்டும், அது அடுத்தவருக்குப் போகட்டும். வீட்டில் படிக்கிற தம்பி தங்கை இருந்தால் அவர்கள் பீஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

முதல் தொகையாக என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ரசீதை என் தங்கை பெயரில் போடச் சொல்லியிருக்கிறேன். சந்திப்பன்று அவளும் வருகிறாள். காலையில் சீக்கிரம் வருபவர்கள் கல்லூரி வாசலைப் பாருங்கள். அஞ்சுக்கு நாலு புள்ளியில் ஒரே இழைக் கோலம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.